பலூச் தொழுகைக் கம்பளம் நெய்வது எப்படி: கம்பளி கழுவுவதிலிருந்து கரை கட்டுவது வரை

பலூச் தொழுகைக் கம்பளத்தை முதன்முதலில் பார்ப்பவர்கள் பலர் 'இவ்வளவுதானா?' என்றுதான் நினைப்பார்கள். பாரசீகக் கம்பளம் என்றதும் கண்முன் வருகிற பூங்கொடிகளும் வளைவுகளும் இதில் இருக்காது. இருண்ட சிவப்பு, ஏறக்குறையக் கறுப்பாகவே தெரிகிற நீலம், நடுவில் ஒட்டக நிறத்தில் ஒரு தளம், அதில் அளவுகோல் வைத்து ஒடித்தது போலக் கிளை விரிக்கும் ஒரு மரம். தொழும் திசை காட்டும் மிஹ்ராப் மாடம்கூட வளையாமல் சதுரமாக நிற்கும். வெயிலில் கொண்டுபோய் விரித்தால்தான் அந்த இருட்டுக்குள் கத்தரிக்காய்த் தோலின் நிறமும் செம்மண் நிறமும் ஒளிந்திருந்தது தெரியும்.

இந்தக் கம்பளத்தில் விசித்திரமாகத் தெரியும் ஒவ்வொன்றுக்கும் தறியிலோ சாயப்பானையிலோ ஒரு காரணம் இருக்கிறது. மாடம் ஏன் சதுரம், மூலைகளில் கரை ஏன் பொருந்தாமல் முறிகிறது, ஓரம் ஏன் கறுப்பு என்பதெல்லாம் வேலை செய்யும்போதுதான் புரியும். படத்தைப் பார்த்து அப்படியே நகலெடுக்கப் பார்த்தால் கஷ்டப்படுவீர்கள். வேலையின் வரிசையைப் பிடித்துக்கொண்டால் வடிவம் தானாகவே அந்தப் பக்கம் போகும். அதனால் இங்கே வடிவமைப்பைத் தனிப் பாடமாக வைக்காமல் நெசவோடு சேர்த்தே சொல்லப்போகிறேன்.

முதலில் ஊர்

பெயரைப் பார்த்துப் பலூசிஸ்தானில் தேடினால் ஏமாந்துபோவீர்கள். அங்கே, குறிப்பாக மக்ரான் பக்கம், முடிச்சில்லாத தட்டை நெசவும் 'பஷ்க்' என்னும் பெண்கள் உடையின் பூத்தையலும்தான் பேர்போனவை. பலூச் கம்பளம் என்று சந்தையில் சொல்லப்படுவது பெரும்பாலும் வடகிழக்கு ஈரானின் கொராசானிலும், ஈரான்-ஆப்கான் எல்லையிலுள்ள சிஸ்தானிலும், மேற்கு ஆப்கானிஸ்தானின் ஹெராத், ஃபாரா பகுதிகளிலும் நெய்யப்பட்டவை. 18ஆம் நூற்றாண்டில் நாதிர் ஷா காலத்தில் பலூச் குடிகள் பலர் கொராசானில் குடியேற்றப்பட்டதாகச் சொல்வது வழக்கம். நெய்கிறவர்களில் எல்லோரும் பலூச்சிகளும் இல்லை. திமூரி, பஹ்லூலி, முஷ்வானி, தைமானி என்று பல குடிகள். ஃபிர்தௌஸ் பக்கம் அரபு வழியினர்கூட உண்டு. மஷ்ஹத், துர்பத்-ஏ-ஹைதரி, ஹெராத் சந்தைகளுக்கு வந்து சேரும்போது எல்லாம் ஒரே பெயரில் விற்கப்படும். நெய்பவர்கள் பெண்கள். சொந்த ஆடு, சொந்தத் தறி, நினைவில் இருக்கும் வடிவம்.

பாரசீகத்தில் 'ஜாநமாஸ்' என்பதும் நம் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் 'முசல்லா' என்பதும் இதே தொழுகை விரிப்பைத்தான்.

படி 1: கணக்கு

கம்பளியைத் தொடுவதற்கு முன் பென்சிலை எடுங்கள். 90 செ.மீ. அகலம், 140 செ.மீ. நீளம் என்று வைத்துக்கொள்வோம். பலூச் தொழுகைக் கம்பளங்கள் ஏறக்குறைய இந்த அளவில்தான் இருக்கும். குறுக்கே செ.மீ.க்கு 3 முடிச்சு, நெடுக்கே செ.மீ.க்கு 4 வரிசை. இது நடுத்தர நெருக்கம். ஆப்கானியப் பக்கத்தின் 'துக்தர்-ஏ-காசி', அதாவது காஜியின் (இஸ்லாமிய நீதிபதியின்) மகள் என்ற பெயர்கொண்ட வகை இதைவிட நெருக்கமாக இருக்கும். முதல் முயற்சிக்கு அந்த ஆசை வேண்டாம்.

குறுக்கே 270 முடிச்சு. ஒரு முடிச்சுக்கு இரண்டு பாவு இழை (தறியில் நீளவாக்கில் கட்டும் இழை) என்பதால் 540 இழை. நெடுக்கே 560 வரிசை. மொத்தம் 1,51,200 முடிச்சு. கைபழகியவர் நாளைக்கு 5,000 போட்டால் ஒரு மாதம். நாம் ஆரம்பத்தில் 1,500 போட்டாலே பெரிது, ஆக நூறு நாள். இதைக் கேட்டு மலைப்பவர்கள் பாதி அளவில் ஒரு பைமுகம், அதாவது பையின் முன்பக்கத் துண்டு, நெய்து பழகலாம். பலூச் பெண்களும் பைமுகங்கள் ஏராளமாக நெய்கிறார்கள்.

நூல் கணக்கு: முடிந்த நீளம் 140, இரு முனைத் தட்டை நெசவு 8 + 8, குஞ்சம் 10 + 10, தறியில் வீணாகிறது 40 என்று எடுத்தால் ஒரு பாவு இழை ஏறத்தாழ 2.2 மீட்டர். 540 இழைக்கு 1,200 மீட்டர். குறுக்கே போகும் ஊடை ஒரு வரிசைக்கு இரண்டு என்று 560 வரிசைக்கு 1,120 மீட்டர். ஒரு முடிச்சு வெட்டுவதோடு சேர்த்து 3 செ.மீ. நூல் தின்னும் என்றால் முடிச்சு நூல் மட்டும் நாலரைக் கிலோமீட்டர்! முடிந்த கம்பளம் சுமார் 3 கிலோதான் இருக்கும் என்றாலும் நூற்ற நூல் 4 கிலோ கையில் இருக்கட்டும்.

படி 2: கம்பளி

கிழக்கு ஈரானின் பலூச்சி ஆடு வெள்ளை உடலும் கறுப்புப் புள்ளி விழுந்த முகமும் கால்களும் கொண்டது, கொழுத்த வால். அதன் கம்பளிக்கு ஒரு மினுக்கு உண்டு. மெத்தென்ற மெரினோ கம்பளியை வாங்கிவிடாதீர்கள். ஸ்வெட்டருக்கு நல்லது, மிதிபடுவதற்கு ஆகாது. கையில் பிடித்து இழுத்தால் நீளமாக வந்து, விட்டால் விறைப்பாக நிமிர்கிற கம்பளிதான் வேண்டும். கழுவாத கம்பளியாக வாங்கினால் 8 கிலோ எடுங்கள். எண்ணெய்ப் பிசுக்கும் மண்ணும் போனால் எடை பாதிவரை இறங்கிவிடும்.

கழுவும்போது வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, தேய்க்காமல் அமிழ்த்தி எடுங்கள். தேய்த்தாலும், சூட்டிலிருந்து சட்டென்று குளிர்ந்த நீருக்கு மாற்றினாலும் கம்பளி திரண்டு ஒட்டிக்கொள்ளும். அப்புறம் அதைப் பிரிக்க முடியாது. பிசுக்கை முழுதாகவும் எடுத்துவிட வேண்டாம். கொஞ்சம் மிஞ்சினால்தான் நூற்க வரும்.

சீப்பால் சிக்கெடுத்து, தக்ளியை வலமாகச் சுழற்றி ஒற்றைப் புரி நூற்று, இரண்டு புரியைச் சேர்த்து இடமாக முறுக்குங்கள். பாவுக்கு வெள்ளைக் கம்பளி, முறுக்கு இறுக்கமாக. ஊடைக்குச் சாயமிடாத பழுப்புக் கம்பளி, கொஞ்சம் மெல்லியதாக. முடிச்சு நூலுக்கு முறுக்கு தளர்வாக இருக்கட்டும். இறுக்கி முறுக்கிய நூலை வெட்டினால் முனை விரியாமல் கயிறு போல நிற்கும். பாவுக்குப் பருத்தி நூல் போட்டால் வேலை சுலபம், கம்பளம் நேராகவும் வரும். இப்போது பலர் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் கையில் எடுத்தால் துணி மாதிரி தொய்கிற அந்தக் குணம் போய்விடும். என் தேர்வு கம்பளிப் பாவுதான்.

படி 3: சாயம்

இங்கே அவசரப்பட்டால் மீதி எல்லாம் வீண். தோராயமாகச் சிவப்பு 700 கிராம், நீலம் 400, கறுப்புப் பழுப்பு 300, ஒட்டக நிறம் 400, வெள்ளை 100 என்று சிட்டம் சிட்டமாக (நூற்கட்டுகளாக) பிரித்துக்கொள்ளுங்கள். வெட்டில் போகும் சேதத்துக்காக ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கூடுதலாகவே சாயம் போடுங்கள்.

சிவப்பு மஞ்சிட்டி வகை வேரிலிருந்து வருகிறது. ஈரானில் அதை ரூனாஸ் என்பார்கள். நாட்டுமருந்துக் கடையில் கிடைக்கும் நம் மஞ்சிட்டி அதற்கு நெருங்கிய உறவு. நிறம் சற்று ஆரஞ்சுப் பக்கம் சாயும், பரவாயில்லை. கம்பளி எடையில் ஆறில் ஒரு பங்கு படிகாரத்தை நீரில் கரைத்து, கம்பளியைப் போட்டு மெல்லச் சூடேற்றி, கொதிக்க விடாமல் ஒரு மணி நேரம் வைத்து, அதே நீரில் ஆறவிடுங்கள். மறுநாள் கம்பளி எடைக்குச் சமமான வேர்த்தூளை ஊறவைத்த நீரில் இதை இறக்கி, மெதுவாகச் சூடேற்றி 70 டிகிரிக்கு மேல் போகாமல் பாருங்கள். மேலே போனால் வேரிலிருக்கும் பழுப்பும் இறங்கிச் சிவப்பு மங்கிவிடும். உப்புத்தண்ணீர் வருகிற ஊர்க்காரர்கள் கவலைப்பட வேண்டாம். நீரில் சுண்ணாம்புச் சத்து இருந்தால் இந்தச் சிவப்பு இன்னும் நன்றாக ஏறும்.

நீலத்துக்கு அவுரி. இந்தியாவிலிருந்து மேற்கே வெகுகாலம் ஏற்றுமதியான சரக்கு இது. விழுப்புரம், திண்டிவனம் பக்கம் இன்றும் பயிராகிறது. அவுரி நீரில் கரையாது. சுண்ணாம்பும் வெல்லமும் சேர்த்துப் புளிக்கவைத்த தொட்டியில்தான் மஞ்சள் பச்சையாகக் கரைந்து நூலில் ஏறும். வெளியே எடுத்ததும் காற்று பட்டுக் கண்முன்னாலேயே பச்சை நீலமாக மாறும். எத்தனை தடவை பார்த்தாலும் அலுக்காத காட்சி! பலூச் நீலம் கறுப்பை ஒட்டியது. அதை ஒரே முக்கில் எட்ட முடியாது. ஐந்து நிமிடம் முக்குவது, எடுத்துக் காற்றாட விடுவது என்று எட்டு பத்துத் தடவை செய்ய வேண்டும். பருத்திக்குப் போடும் அளவு சுண்ணாம்பைக் கம்பளிக்குப் போடாதீர்கள். காரம் கம்பளியை அரித்துவிடும். கடைசியில் வினிகர் கலந்த நீரில் ஒருமுறை அலசி எடுங்கள்.

ஒட்டக நிறத்துக்குப் பழைய கம்பளங்களில் உண்மையான ஒட்டக மயிரும் உண்டு, அக்ரூட் காயின் பச்சைத் தோலில் சாயமேற்றிய ஆட்டுக் கம்பளியும் உண்டு. பார்வைக்கு எளிதில் பிரித்துச் சொல்ல முடியாது. அக்ரூட் தோலுக்குப் படிகாரம்கூட வேண்டாம். ஊறவைத்த நீரில் போட்டாலே பிடித்துக்கொள்ளும்.

கறுப்பில்தான் சிக்கல். மாதுளைத் தோலும் அன்னபேதியும் சேர்ந்தால் அருமையான கறுப்பு கிடைக்கும். ஆனால் அன்னபேதியில் உள்ள இரும்பு, கம்பளியை மெல்லமெல்லத் தின்னும். நூறு வருடக் கம்பளத்தைத் தடவிப் பாருங்கள்: கறுப்பு இருந்த இடங்கள் மட்டும் தேய்ந்து பள்ளமாகி, சிவப்பும் நீலமும் செதுக்கி வைத்தது போல உயர்ந்து நிற்கும். சேகரிப்பவர்களுக்கு அது அழகு. நெய்கிறவருக்கு அது பாடம். அன்னபேதியை நூல் எடையில் 2, 3 சதவீதத்துக்கு மேல் விடாதீர்கள். முடிந்தால் இயற்கையிலேயே கறுத்த ஆட்டின் கம்பளியையே பயன்படுத்துங்கள்.

ஒரே சிவப்பை இரண்டு பானையில் போட்டால் இரண்டு சிவப்பு வரும். பயப்படாதீர்கள். நெய்யும்போது ஒரு பட்டையில் நிறம் சட்டென்று மாறும். அதற்கு 'அப்ரஷ்' என்று பெயர். இருண்ட தளத்தில் அந்தச் சின்ன ஏற்றத்தாழ்வுதான் அசைவு தருகிறது. 19ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் வந்த ஆரம்பகாலச் செயற்கைச் சாயங்கள் சில, ஊதாச் சிவப்பாகத் தொடங்கி வெளிறிச் சாம்பலாகிவிட்டன. முகத்தில் சாம்பல், முனைகளை விலக்கிப் பார்த்தால் அடியில் ஊதா என்றிருந்தால் அது அந்த வகை.

படி 4: தறியும் பாவும்

பலூச் தறி தரையோடு கிடப்பது. இரண்டு மரம், நான்கு முளை, நடுவில், பாவு இழைகளைத் தூக்கும் விழுதுக் கோலைத் தாங்கிப் பிடிக்க ஒரு முக்காலி, அவ்வளவுதான். நெய்கிறவர் முடிந்த பகுதிமேலேயே உட்கார்ந்து முன்னே நகர்வார். கூடாரம் பெயரும்போது முளையைப் பிடுங்கி, பாவோடு சுருட்டி ஒட்டகத்தில் ஏற்றிவிடலாம். வேறிடத்தில் மறுபடி அடிக்கும்போது இழுவிசை பழையபடி இருக்காது. கம்பளத்தின் அகலம் அந்த இடத்தில் ஒரு விரற்கடை கூடும் அல்லது குறையும். பழைய கம்பளங்களில் இடுப்பு ஒடுங்கியது போலத் தெரிகிற இடம் இப்படியும் வந்திருக்கலாம்.

நம் மொட்டைமாடியில் முளை அடிக்க முடியாது. 120 செ.மீ. அகல, 220 செ.மீ. நீள இரும்புக் குழாய்ச் சட்டம் ஒன்றைப் பற்றவைத்துக்கொள்ளுங்கள். கிடையாக நான்கு செங்கல்மேல் வைத்தால் போதும்.

பாவு ஓட மூன்று பேர் வேண்டும். இரு மரத்தருகிலும் ஒவ்வொருவர் உட்கார, ஒருவர் நூல் உருண்டையோடு போய் வருவார். ஒரு மரத்துக்கு மேலாகப் போய், மறு மரத்துக்கு அடியில் சுற்றி, நடுவில் எட்டுப் போல இழைகள் குறுக்கிட வேண்டும். அந்தக் குறுக்கீடுதான் ஒற்றை, இரட்டை இழைகளைப் பிரித்துவைக்கிறது. அது கலைந்தால் 540 இழையையும் விரலால் பிரிக்கும் தண்டனை காத்திருக்கிறது. செ.மீ.க்கு 6 இழை என்று அளந்துகொண்டே போங்கள். ஓட்டி முடித்ததும் இரட்டை இழைகளை ஒவ்வொன்றாக நூல் கண்ணியில் கோத்து விழுதுக் கோலில் கட்டுங்கள். ஒற்றை இழைகளுக்கு அடியில் ஒரு தட்டைக் கட்டை. கோலைத் தூக்கினால் ஒரு திறப்பு, கட்டையை நிமிர்த்தினால் மறு திறப்பு.

இழுவிசையை உள்ளங்கையால் தட்டிச் சோதியுங்கள். எங்கே தட்டினாலும் ஒரே மாதிரி அதிர வேண்டும்.

படி 5: தொடக்கப் பட்டை

நேராக முடிச்சுக்குப் போகக் கூடாது. முதலில் இரண்டு நூலை முறுக்கிப் பாவைப் பிடித்து ஒரு வரி. அதன் மேல் 8 செ.மீ. தட்டை நெசவு, நீலமும் சிவப்பும் பட்டையாக. மற்ற ஊர்களில் இதை ஒளித்து முடித்துவிடுவார்கள். பலூச் பெண்கள் இதிலும் சிறு வடிவங்கள் போட்டு அழகு பார்ப்பார்கள். விற்பனைக்கு வரும் கம்பளங்களில் முதலில் பிய்ந்து போவதும் இதுதான்.

ஊடையைத் திறப்பில் விடும்போது நேராக இழுக்காமல் வில்லாக வளைத்துவிட்டு, அப்புறம் பஞ்சாவால் அடித்து இறக்குங்கள். பஞ்சா என்பது இரும்புப் பல் வைத்த கனமான சீப்பு. நேராக இழுத்தால் ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு மயிரிழை அகலம் குறையும். என் முதல் கம்பளம் அடியில் 90, உச்சியில் 84. யாரும் கண்டுபிடிக்கவில்லை என்று சொல்ல ஆசைதான்!

படி 6: முடிச்சு

பலூச் முடிச்சு சமச்சீர் இல்லாதது, பெரும்பாலும் இடப்பக்கம் திறந்தது. பக்கத்துப் பக்கத்து இரண்டு பாவு இழைகளை எடுங்கள். நூலின் முனையை இரண்டுக்கும் நடுவில் பிடித்து, வலது இழையின் மேலாகக் கொண்டுபோய், அதன் அடியில் சுற்றி, அப்படியே இடது இழைக்கும் அடியில் இழுத்து, இடது இழையின் வெளிப்பக்கம் மேலே எடுங்கள். வலது இழை முழுக்கச் சுற்றப்பட்டிருக்கும், இடது இழை வெறுமனே தாங்கும். இரு முனையையும் சேர்த்துப் பிடித்து உங்களை நோக்கி, கீழ்ப்பக்கம் இறுக்கி இழுத்து, ஒரு விரல் நகத்துக்குச் சற்று அதிகமாக விட்டு வெட்டுங்கள். இப்படி இழுப்பதால்தான் முடிந்த கம்பளத்தின் மேல்முனைகள் எல்லாம் ஒரே பக்கம், தொடங்கிய பக்கம் பார்த்துச் சாய்ந்திருக்கும்.

ஒரு வரிசை முடிந்ததும் ஒரு திறப்பில் ஓர் ஊடை, அடி. மறு திறப்பில் இன்னோர் ஊடை, மறுபடி அடி. இரண்டையும் ஒரே தளர்வோடு விடுங்கள். அப்போதுதான் பாவு இழைகள் ஒரே மட்டத்தில் நின்று, பின்பக்கம் ஒவ்வொரு முடிச்சும் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மணியாகத் தெரியும். 10 செ.மீ.க்கு ஒருமுறை வரிசைகளை எண்ணுங்கள், 40 இருக்க வேண்டும். 36 என்றால் அடி போதவில்லை, 44 என்றால் கை வலிக்கும்வரை அடித்திருக்கிறீர்கள், மிஹ்ராப் குட்டையாகிவிடும்.

வேலை சீக்கிரம் முடிய ஒரு திருட்டு வழி உண்டு: இரண்டு இழைக்குப் பதில் நான்கு இழையில் ஒரு முடிச்சு. 'ஜுஃப்தி' என்பார்கள். கொராசான் கம்பளங்களுக்குக் கெட்ட பெயர் வாங்கித் தந்தது இதுதான். முகப்பில் தெரியாது. கம்பளம் பாதி நூலில் நின்று, சீக்கிரம் தேய்ந்து, பாவு பல்லிளிக்கும்.

படி 7: வடிவம், வரிசை வரிசையாக

இந்தப் பகுதிக்காகத்தான் இத்தனை கணக்கும். 270 முடிச்சில் ஒவ்வொரு பக்கமும் வெளி விளிம்பு 4, சிறுகரை 9, பெருங்கரை 32, மறுபடி சிறுகரை 9, ஆக 54. இரண்டு பக்கமும் போக நடுத்தளம் 162.

இப்போது ஒரு விஷயத்தை நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள். நம் முடிச்சு சதுரம் இல்லை: அகலம் 3.3 மி.மீ., உயரம் 2.5. சதுரக் கட்டத்தாளில் வரைந்த படம் தறியில் அமுங்கிப்போகும். வரிசைக்கு ஒரு முடிச்சு நகர்த்திக் கிளை விட்டால் 37 டிகிரியில் படுத்துவிடும்; இரண்டு வரிசைக்கு ஒரு முடிச்சு நகர்த்தினால் 56 டிகிரியில் நிமிர்ந்துவிடும். நடுவில் போக வேண்டுமானால் 4 வரிசைக்கு 3 முடிச்சு என்று எண்ண வேண்டும். தாளில்லாமல் நினைவிலிருந்து நெய்கிறவருக்கு நெட்டுக்குத்தும் கிடையும் படிக்கட்டும்தான் கைக்கு வரும். மாடத்தை வளைக்கப் போனால் ஒவ்வொரு வரிசைக்கும் வேறுவேறு எண். சதுர மாடத்துக்கு ஒரே எண் போதும். பலூச் மாடம் சதுரமானதற்கு இது ஒரு பெரிய காரணம் என்பது என் கணிப்பு.

கரையிலும் இதே கதைதான். பக்கக் கரை 54 முடிச்சு, 18 செ.மீ. அடிக்கரையும் 18 செ.மீ. வேண்டும் என்றால் 72 வரிசை. பக்கத்தில் 32 முடிச்சில் அடங்கிய இலை, அடியில் 43 வரிசைக்கு நீள வேண்டும். ஒரே இலையை இரண்டு கணக்கில் போட்டுக்கொண்டு வந்து மூலையில் சேர்த்தால் சேராது. நகரத்துப் பட்டறைகளில் இதற்காகவே தனியாக மூலைப்படம் வரைவார்கள். பலூச் பெண் அடிக்கரையை அப்படியே நிறுத்திவிட்டு, பக்கக் கரையைப் புதிதாகத் தொடங்கிவிடுவார். நீங்களும் அப்படியே செய்யுங்கள். செயற்கையாகப் பொருத்தினால் கம்பளம் வேறு ஊர்க்காரரைப் போல முழிக்கும்.

வரிசை இப்படிப் போகும். முதல் 72 வரிசை அடிக்கரை. சிறுகரைக்கு, ஒன்றையொன்று கவ்வுகிற முப்பல் வடிவம் நன்றாக இருக்கும்: ஒரு நிறம் மேலே நீட்டினால் மறு நிறம் அதே உருவில் கீழே நீட்டும். வெளி விளிம்பு வெறும் இருட்டு நிறம்.

73ஆம் வரிசையில் நடுத்தளம் திறக்கும். ஒட்டக நிறத் தளத்தின் நடுவில் மரத்தின் தண்டு. 162 இரட்டைப்படை என்பதால் தண்டும் இரட்டைப்படையாக, 4 முடிச்சாக இருக்கட்டும், இருபுறமும் 79. தண்டிலிருந்து கிளை கிடையாகப் போய், முழங்கை போல மடங்கி மேலே எழும். நுனியில் பல்பல்லாக வெட்டிய இலைக்கொத்து. ஒரு பக்கம் என்ன போட்டீர்களோ அதே வரிசையில் மறுபக்கமும் போட்டுவிட்டுத்தான் அடுத்த வரிசைக்குப் போக வேண்டும். இலைக்குள் சிவப்பும் நீலமும் மாற்றி மாற்றி வையுங்கள். வெள்ளையை இங்கே தொடாதீர்கள்.

அடிக்கரையைச் சேர்க்காமல் நடுத்தளம் மட்டும் 336 வரிசை, அதாவது 84 செ.மீ. ஆனதும் தோள் வந்துவிட்டது. இப்போது தளத்தை மூன்றாகப் பிரியுங்கள்: 51, 60, 51. நடுவிலுள்ள 60, தளத்தின் தொடர்ச்சியாக மேலே போகும். அதுதான் மாடம், 20 செ.மீ. அகலம், 80 வரிசையில் 20 செ.மீ. உயரம். தலையும் தோளும் வரைந்தது போலத் தெரியும். இரு பக்கத்து 51 முடிச்சுப் பகுதிகள் கைப்பலகைகள். சஜ்தாவில் நெற்றி மாடத்தில் விழும்போது உள்ளங்கைகள் ஏறக்குறைய அங்கே பதியும். சில கம்பளங்களில் விரல் விரித்த கையையே அங்கு நெய்திருப்பார்கள். வேறு சிலவற்றில் பூவோ சிறு மரமோ இருக்கும். தளம் ஒட்டக நிறம் என்றால் கைப்பலகையின் தரை கருநீலமாக இருக்கட்டும்.

மாடத்தையும் தோளையும் சுற்றி ஒரு கோடு ஓட வேண்டும். நெட்டுக்குத்தில் 3 முடிச்சு, கிடையில் 4 வரிசை, கணக்குப் புரிந்திருக்கும். இந்தக் கோட்டுக்காகத்தான் அந்த 100 கிராம் வெள்ளையைச் சேமித்து வைத்தோம். இவ்வளவு இருட்டில் ஒரு வெள்ளைக் கோடு விழுந்தால் கண் நேராக மாடத்துக்குத்தான் போகும். ஆர்வத்தில் வெள்ளையைக் கரையெங்கும் இறைத்த கம்பளங்களைப் பார்த்திருக்கிறேன், மாடமே தெரியாது.

மனித, விலங்கு உருவங்களைத் தொழுகைக் கம்பளத்தில் தவிர்ப்பார்கள். பறவைகள் வேண்டுமென்றால் பைமுகத்தில் நெய்யலாம். 1979இல் சோவியத் படை ஆப்கானிஸ்தானில் நுழைந்த பிறகு டாங்கியும் ஹெலிகாப்டரும் நெய்த கம்பளங்களும் இதே கைகளிலிருந்து வந்தன. அது தனிக் கதை.

பிறகு 72 வரிசை மேல்கரை. இலை பாதியில் நின்றால் நிற்கட்டும்.

படி 8: ஓரம்

இதைக் கடைசி வேலை என்று எண்ணாதீர்கள், முதல் வரிசையிலிருந்தே கூடவே போக வேண்டும். இரு ஓரத்திலும் சில பாவு இழைகளைக் கூடுதலாகச் சேர்த்துக் கட்டி, மூன்று நான்கு தடித்த கயிறுகளாக்கி, கறுத்த வெள்ளாட்டு மயிரால் மேலும் கீழுமாகக் கோத்துச் சுற்றுங்கள். வெள்ளாட்டு மயிர் முரடு, எளிதில் தேயாது. ஓரமும் எளிதில் கிழியும் இடம் என்பதால் அங்கே இந்த முரட்டுக் கவசம். உட்கார்ந்து நெய்யும்போது கை எரியும், சாக்குப் பை தைப்பது போல இருக்கும். செம்மறிக் கம்பளியில் சுற்றிச் சமாளிக்க நினைத்தால் சில வருடத்தில் மறுபடி ஊசி எடுக்க வேண்டிவரும்.

படி 9: இறக்குவது

மேலும் 8 செ.மீ. தட்டை நெசவு, முறுக்கு வரி, பிறகு பாவை வெட்டி இறக்குங்கள். குஞ்சத்தைப் பின்னலாகப் பின்னலாம், வெறுமனே முடியலாம். நீளக் கத்தரியைப் படுக்கவைத்து மேல்முனைகளை 6, 7 மி.மீ. உயரத்துக்குச் சமப்படுத்துங்கள். ஒரே நாளில் வெட்டி முடிக்கப் பார்க்காதீர்கள். மறுநாள் காலை சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்தால் நேற்றுத் தெரியாத மேடுபள்ளம் தெரியும்.

குளிர்ந்த நீரும் மென்மையான சோப்பும் போதும். சரிவான தரையில் விரித்து, மரப்பலகையால் முனைகள் சாயும் திசையிலேயே நீரைத் தள்ளுங்கள். எதிர்த் திசையில் தள்ளினால் அழுக்கு அடிக்குப் போய் உட்காரும். முதல் அலசலில் சிவப்பு கொஞ்சம் வரும். நீர் தெளியும்வரை அலசுங்கள். கோணலாக இருந்தால் ஈரத்தோடு நான்கு பக்கமும் இழுத்துப் பலகையில் ஆணியடித்து நிழலில் காயவிடுங்கள். கொடியில் தொங்கவிட்டால் நீரின் கனத்தில் பாவு நீண்டுவிடும்.

காய்ந்ததும் உள்ளங்கையால் மாடத்திலிருந்து அடிவரை தடவுங்கள், வழுக்கிக்கொண்டு போகும். அடியிலிருந்து மேலே தடவினால் தடுக்கும். மாடப் பக்கம் நின்று பார்த்தால் ஒரு நிறம், கால் பக்கம் நின்று பார்த்தால் அதைவிடக் கறுத்த ஒரு நிறம். மழைக்காலத்தில் பூச்சி வைக்கும். மாதம் ஒருமுறை வெயில் காட்டித் தட்டி, நன்றாகக் காய்ந்த வேப்பிலையோடு சுருட்டி வையுங்கள். மடித்து வைத்தால் மடிப்பில் பாவு உடையும்.